ஐப்பசி மழையில் குழித்தட்டு நாற்றுகள்: ஒரு நர்சரியின் 2021ஆம் ஆண்டுப் பருவம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையின் புறநகர் தேய்ந்து ஏரிகளும் புதிய மனைப்பிரிவுகளும் மாறி மாறி வரும் பகுதியில், ஒரு குடும்பம் நடத்திவரும் நர்சரியில் 2021ஆம் ஆண்டு கூதிர்காலத்தில் நிகழ்ந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். நர்சரியின் உரிமையாளர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்மணி. அவருடைய மாமனார் காலத்தில் அங்கே மா, கொய்யா ஒட்டுக்கன்றுகளும் குரோட்டன்ஸ், செம்பருத்தி போன்ற அழகுச் செடிகளும் மட்டுமே விற்கப்பட்டன. 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் மாடித்தோட்டம் போடுவோர் பெருகியபோது காய்கறி நாற்றுகளைக் கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. முதலில் வெளியிலிருந்து வாங்கி விற்ற உரிமையாளர், பின்னர் தாமே தென்னை நார்க்கழிவு நிரப்பிய, 98 குழிகள் கொண்ட தட்டுகளில் தக்காளி, கத்தரி, மிளகாய், செண்டுமல்லி ஆகியவற்றின் நாற்றுகளை வளர்க்கத் தொடங்கினார்.

நாற்று வளர்ப்புக்கென ஒதுக்கப்பட்ட இடம் பெரியதன்று. சவுக்குக் கம்புகள் நட்டு மேலே 50 விழுக்காடு நிழல்வலை கட்டிய ஒரு பந்தல், தரையில் விரித்த கறுப்புப் பாலித்தீன் தாள், அதன்மேல் நேரடியாக வரிசை வரிசையாக வைத்த குழித்தட்டுகள், ஓரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பிவைக்கும் மூடியில்லாத சிமெண்டுத் தொட்டி ஆகியவையே மொத்த ஏற்பாடு. தண்ணீர் விடும் பொறுப்பு, மாமனார் காலத்திலிருந்தே பணிபுரியும் ஒரு மூத்த தொழிலாளருடையது. விற்பனையையும் தொலைபேசி வழி வரும் தேவைப் பட்டியலையும் ஓர் இளம்பெண் கவனித்துவந்தார். கோடையிலும் ஆடியிலும் இந்த ஏற்பாடு குறையின்றி வேலை செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு ஆடிப்பட்டத்துக்கு வளர்த்த நாற்றுகள் நன்றாக வந்து, பெரும்பாலும் விற்றும் போயின. அந்த வெற்றியே அடுத்த விதைப்பைப் பெரிதாக்கத் தூண்டியது.

தோட்டக்கலை படித்துவிட்டுச் சிறு நர்சரிகளுக்கு ஆலோசனை சொல்லிவருபவன் என்ற முறையில் அக்டோபர் இறுதியில் என்னை அங்கே அழைத்தனர். அதற்கு முந்தைய நிகழ்ச்சிகளை உரிமையாளரும் தொழிலாளரும் சொன்னதைக் கேட்டும், விதைப்புக் குறிப்பேட்டைப் பார்த்தும் எழுதியிருக்கிறேன்.

விதைப்பு நாட்களும் அவற்றின் கணக்கும்

முதல் தொகுதி செப்டம்பர் கடைசி வாரத்தில், புரட்டாசி தொடங்கிச் சில நாட்கள் சென்றபின் விதைக்கப்பட்டது. தக்காளி நாற்று 25 நாட்களில் நடவுக்குத் தயாராகிவிடும் என்பதால், தீபாவளிக்கு முன்பே அவற்றை விற்றுவிடலாம் என்பது கணக்கு. செண்டுமல்லி விதை மகாளய அமாவாசை வாரத்தில், அதாவது அக்டோபர் முதல் வாரத்தில் போடப்பட்டது. நாற்றுக்கு ஏறக்குறைய நான்கு வாரம், நட்டபின் பூப்பதற்கு 50 முதல் 60 நாட்கள் என்று வைத்தால் பொங்கலுக்குப் பூ கிடைக்கும். இந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதில் நெகிழ்வுக்கும் இடமில்லை. இரண்டாம் தொகுதியான தக்காளியும் மிளகாயும் ஆயுத பூஜையை ஒட்டி, அக்டோபர் நடுவில் விதைக்கப்பட்டன. ஓர் அடுக்ககக் குடியிருப்போர் சங்கம் தங்கள் மாடிகளுக்கென மொத்தமாகக் கேட்டிருந்ததால் இந்தத் தொகுதி வழக்கத்தைவிடப் பெரியதாக, ஏறத்தாழ 200 தட்டுகள் அளவில் அமைந்தது. முந்தைய பருவத்தில் பயன்படுத்திய தட்டுகளும், விற்காமல் நின்ற நாற்றுகளிலிருந்து உதிர்த்துச் சேர்த்த பழைய தென்னை நார்க்கழிவும் இந்தப் பெரிய தொகுதிக்கு மறுபடி எடுத்துக்கொள்ளப்பட்டன.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழையே தருகிறது. வடகடலோர மாவட்டங்களில் அதன் பங்கு இன்னும் மிகுதி. அது வழக்கமாக அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டித் தொடங்கும். 2021ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை விலகுவது தாமதமாகி, அக்டோபர் 25 அன்று வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. அப்போது இரண்டாம் தொகுதித் தக்காளி, விதையிலிருந்து முதலில் விரியும் இரு இலைகள் மட்டுமே கொண்ட வித்திலைப் பருவத்திலும், முளைக்கக் கூடுதல் நாட்கள் எடுக்கும் மிளகாய் அப்போதுதான் தலைகாட்டும் நிலையிலும் இருந்தன. நாற்றின் வாழ்நாளில் நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் வாரமும் ஆண்டின் மிக ஈரமான வாரங்களின் தொடக்கமும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

அக்டோபர் இறுதியில் கண்டவை

மழை தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் தக்காளித் தட்டுகளில் ஆங்காங்கே நாற்றுகள் சாய்ந்து கிடப்பதைத் தொழிலாளர் கண்டார். முதலில் மழைத்துளியின் வேகத்தால் சாய்ந்தவை என்று கருதினார். மறுநாள் அதே இடங்களைச் சுற்றி வட்டமாக மேலும் பல விழுந்திருந்தன. விழுந்த நாற்றின் இலைகள் இன்னும் பச்சையாகவே இருந்தன. ஆனால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் ஊறியதுபோல் கறுத்து, நூலளவு மெலிந்திருந்தது. மிளகாய்த் தட்டுகளில் வேறொரு தோற்றம்: நாற்று விழவில்லை, முளைக்கவே இல்லை. குழியைக் கிளறிப் பார்த்தால் விதை கூழாகியிருந்தது, அல்லது முளைவிட்ட நுனி பழுப்பாகி நின்றுபோயிருந்தது. இந்தக் குழிகளை விதையின் தரக்குறைவு என்று எண்ணி, விதை விற்ற கடையோடு உரிமையாளர் வாக்குவாதமும் செய்திருந்தார். முளைக்குமுன் அழுகலும் முளைத்தபின் அழுகலும் ஒரே நாற்றழுகல் நோயின் இரு நிலைகள் என்பது அப்போது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இதே நாட்களில் மற்றொரு செய்தியும் வந்தது. முதல் தொகுதி நாற்றுகளை வாங்கிச் சென்றவர்களில் சிலர், வளர்ப்புப் பைகளில் நட்ட தக்காளி மஞ்சளாகித் தொங்கிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த உரிமையாளர், நோயுள்ள நாற்றுகளைத் தாம் ஊரெல்லாம் விற்றுவிட்டதாக அஞ்சினார். அந்த அச்சமே பின்னர் எடுத்த பல முடிவுகளுக்கு அவரை எளிதில் இணங்கச் செய்தது என்றாலும், அது முழுதும் சரியானதன்று என்பதைப் பின்னர் கண்டோம்.

முதல் மருந்தும் அது பலிக்காத காரணமும்

என்னை அழைப்பதற்கு முன் உரிமையாளர் அருகிலுள்ள உரக்கடையில் கேட்டு, கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லியை வாங்கி எல்லாத் தட்டுகளிலும் ஊற்றியிருந்தார். நாற்று அழுகுகிறது என்று சொன்னால் பல கடைகளில் முதலில் எடுத்துத் தருவது இதையே. ஆனால் மழைக்கால நாற்றழுகலில் பெரும்பாலும் முன்னிற்பது பித்தியம் என்னும் நீர்ப்பூசண வகை. உண்மையான பூசணங்களிலிருந்து வேறான குலத்தைச் சேர்ந்தது அது. கார்பன்டாசிம் அதன்மேல் செயல்படுவதில்லை. ரைசோக்டோனியா என்னும் பூசணத்தால் வரும் அழுகலாக இருந்திருந்தால் அதே மருந்து ஓரளவு உதவியிருக்கக்கூடும். அந்த வகையில் தண்டின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் உலர்ந்த புண் காணப்படும். இங்கே கண்டது நீர் ஊறிய மென்மையான அழுகல்.

இதனால் நேர்ந்த இழப்பு மருந்தின் விலையோடு முடியவில்லை. விதைக்கும்போது நார்க்கழிவில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்திருந்தார்கள். கார்பன்டாசிம் பித்தியத்தை விட்டுவிட்டு டிரைக்கோடெர்மாவை அடக்கிவிடும் தன்மையுடையது. காவலுக்கு இருந்ததை அகற்றிவிட்டுத் தீங்கு செய்வதை அப்படியே விட்டதாக அந்தச் சிகிச்சை முடிந்தது. அதோடு, ஏற்கெனவே நீர் மிகுந்த குழிகளில் மருந்துக் கரைசலாக மேலும் நீர் சேர்ந்தது.

நாற்றங்காலை நடந்து பார்த்தபோது

அக்டோபரின் கடைசி ஞாயிறு காலை, மழை விட்டிருந்த நேரத்தில் நான் அங்கே சென்றேன். பாதிப்பு எங்கே மிகுதி என்று வரிசைவாரியாகக் குறித்துக்கொள்வதில் தொடங்கினோம். எந்தத் தட்டில் எத்தனை நாற்று போயிற்று என்ற எண்ணிக்கையைவிட, போன நாற்றுகள் பந்தலின் எந்த இடத்தில் இருக்கின்றன என்ற வரைபடமே எங்களுக்கு அதிகம் சொன்னது. நிழல்வலையில் சேரும் மழைநீர் வலை தொய்ந்த இடங்களில் தாரையாகச் சொட்டியது. அந்தச் சொட்டுக்கோட்டின் கீழிருந்த தட்டுகளில் பாதிப்பு வரிசையாகச் சென்றது. தரைத்தாள் பள்ளமாயிருந்த மூலையில் நீர் தேங்கி, தட்டுகள் அந்த நீரில் அமர்ந்திருந்தன. அங்கே ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. மேட்டுப் பகுதியில், ஒரு பழைய இரும்புக் கட்டிலின்மேல் இடமில்லாமல் வைத்திருந்த சில தட்டுகள், அதே நாளில் அதே விதையில் விதைத்தவையாயிருந்தும், நன்றாக நின்றன.

பித்தியம் நீரில் நீந்திச் செல்லும் வித்துகளை உண்டாக்குவது. ஆகவே நீர் எங்கே தொடர்ச்சியாக நிற்கிறதோ, அந்த வழியே நோய் நடக்கும். நாங்கள் பார்த்த வரைபடம் அதற்கு முற்றிலும் பொருந்தியது. அதிகாலையில் பார்த்தபோது சில குழிகளின் மேற்பரப்பில் வெண்பஞ்சு போன்ற மெல்லிய வளர்ச்சியும் இருந்தது. ஆய்வகத்தில் கொடுத்து உறுதிசெய்து முடிவு வரும்வரை காத்திருக்க நாட்கள் இல்லாததால், அறிகுறிகளையும் பரவிய விதத்தையும் வைத்தே முடிவெடுத்தோம். ஆகவே நோய்க்காரணி குறித்து இங்கே சொல்வது களக் கணிப்பு என்ற அளவிலேயே கொள்ளத்தக்கது.

அடுத்து, தண்ணீர் விடும் முறை. பருவமழை தொடங்கிய பின்னும் காலை மாலை இருவேளையும் பூவாளியால் தண்ணீர் விடப்பட்டுவந்தது. அதைக் கேட்டபோது தொழிலாளர், “மேல காஞ்சு போய்த்தானே இருக்கு சார், தொட்டுப் பாருங்க” என்றார். அவர் சொன்னதும் உண்மையே. நார்க்கழிவின் மேற்பரப்பு சற்றுக் காற்றுப் பட்டாலே வெளுத்து உலர்ந்ததுபோல் தெரியும். ஆனால் ஒரு குழியைப் பிதுக்கி எடுத்துக் கையில் அழுத்தியபோது விரலிடுக்கில் நீர் ஒழுகியது. முப்பது ஆண்டுகளாகச் செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த பைகளுக்கு நீர் விட்டுப் பழகிய கை அது. அந்தக் கலவையில் மேல் காய்ந்தால் உள்ளும் காய்ந்திருக்கும். நார்க்கழிவுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

வெளிச்சமும் குறைவு. கோடைக்கெனக் கட்டிய 50 விழுக்காடு நிழல்வலை, மேகம் மூடிய ஐப்பசி நாட்களிலும் அப்படியே இருந்தது. நாற்றுகள் வெளிறி, வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக நீண்டிருந்தன. அப்படிப்பட்ட தண்டு மெல்லியதாகவும் முற்றாமலும் இருப்பதால் அழுகலுக்கு எளிதில் இடம் கொடுக்கும். சிமெண்டுத் தொட்டியின் அடியில் விரற்கடை அளவு சேறு படிந்திருந்தது; மழையில் தரைநீர் வழிந்து அதற்குள் விழும் வாய்ப்பும் இருந்தது.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அன்று மாலை உரிமையாளரோடும் தொழிலாளரோடும் அமர்ந்து பேசி, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தினோம். நீரைச் சரிசெய்யாமல் மருந்து எதுவும் பயன்தராது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு தொடங்கினோம். தட்டுகளைத் தரையிலிருந்து தூக்குவது முதல் வேலையாயிற்று. ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, அவற்றின்மேல் சவுக்குக் கம்புகளை இரண்டிரண்டாக ஓடவிட்டு, தட்டின் அடித்துளைகள் வெளிக்காற்றில் தொங்கும்படி வைத்தோம். கீழே நீர் நின்றாலும் தட்டை அது தொடாது. துளைவழி வடியும் நீர் அடுத்த தட்டுக்குள் போகாது. வேர் துளையை எட்டும்போது காற்றுப்பட்டு நின்று, குழிக்குள்ளேயே கிளைக்கும்.

நிழல்வலையைச் சுருட்டிவிட்டு, அதே சட்டத்தின்மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளைச் சரிவாகக் கட்டினோம். பக்கங்களைத் திறந்தே விட்டோம். முழுதும் மூடினால் மழை உள்ளே வராது என்று உரிமையாளர் கருதினார். ஆனால் காற்றோட்டமில்லாத இடத்தில் ஈரப்பதம் தேங்கி, இலைகள் நாளெல்லாம் நனைந்தே இருக்கும். சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் தேவைப்படும்போது இறக்கிவிடும் தாள் ஒன்று போதும் என்று முடிவாயிற்று.

தண்ணீரைக் கடிகாரம் பார்த்து விடுவதை நிறுத்தி, தட்டைக் கையில் தூக்கி எடை பார்த்து விடுவது என்று மாற்றினோம். நன்கு நனைந்து வடிந்த தட்டு ஒன்றையும், நீர் தேவைப்படும் நிலையிலுள்ள தட்டு ஒன்றையும் தொழிலாளர் இரு கையிலும் ஏந்திப் பார்த்தார். அதன்பின் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்தத் தட்டு கனக்கிறது என்பதை அவர் என்னைவிடத் துல்லியமாகச் சொன்னார். விடுவதாயிருந்தால் காலை 10 மணிக்குள் விட வேண்டும், மாலையில் கூடாது என்ற விதியும் சேர்ந்தது.

கழிக்க வேண்டிய தட்டுகளைப் பற்றிய முடிவுதான் கடினமாயிருந்தது. பாதி நாற்று நிற்கும் தட்டைத் தூக்கியெறிய யாருக்கும் மனம் வராது. ஆயினும் விழுந்த நாற்றுள்ள தட்டையும் அதை ஒட்டித் தரையில் நீரைப் பகிர்ந்துகொண்ட தட்டுகளையும் சேர்த்தே கழிப்பது என்று தீர்மானித்தோம். அந்த நார்க்கழிவு எருக்குழிக்குப் போகக்கூடாது, நாற்றங்காலைவிடத் தாழ்வான இடத்தில் புதைக்கப்பட வேண்டும் என்றும் வகுத்தோம். தட்டுகளைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, வெயில் கிடைக்கும் நாளில் காயவைத்தபின்பே மறுபடி எடுப்பது என்றும் ஏற்பாடு.

எஞ்சிய தட்டுகளுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் தாமிரப் பூசணக்கொல்லியைக் கரைத்து ஒருமுறை ஊற்றினோம். மெட்டலாக்சில் கலந்த மருந்தையும் எண்ணிப் பார்த்தோம். பித்தியத்துக்கு அது வலிமையானது. ஆனால் இந்த நாற்றுகள் வீட்டு மாடிகளுக்குப் போகின்றன, தாவரத்துக்குள் ஊடுருவும் மருந்தை வாங்குபவர் விரும்பமாட்டார் என்று உரிமையாளர் மறுத்தார். தாமிர மருந்தும் இரசாயனமே என்பதை அவர் மறைக்க விரும்பவில்லை; கேட்பவர்களிடம் ஊற்றியதைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். அந்தத் தட்டுகளில் நுண்ணுயிர் மருந்து எதையும் உடன் சேர்க்கவில்லை. இனி விதைக்கும் தொகுதிக்கு மட்டும் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்வது, புதிய நார்க்கழிவில் வேப்பம்பிண்ணாக்கோடு அதையே சேர்ப்பது, அந்தத் தொகுதியில் பூசணக்கொல்லி எதையும் தொடாதிருப்பது என்று பிரித்துக்கொண்டோம். இரண்டையும் ஒரே தட்டில் ஊற்றிவிட்டு இரண்டுமே பலிக்கவில்லை என்று சொல்லும் நர்சரிகளைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

விற்பது குறித்த முடிவு

தீபாவளி நவம்பர் 4 அன்று வந்தது. அதற்கு முந்தைய நாட்களில் வாங்க வந்தவர்களுக்கு முதல் தொகுதியில் மிஞ்சியிருந்த தக்காளி நாற்றுகளை விற்பதா, நிறுத்துவதா என்ற கேள்வி எழுந்தது. அவை ஐந்து வார வயதுடையவை, தண்டு முற்றியவை, நாற்றழுகல் அவற்றைத் தொடவில்லை. ஏற்கெனவே விற்றவை வீடுகளில் மடிந்ததற்குக் காரணம் என்ன என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. ஆகவே அருகிலிருந்த ஒரு வாடிக்கையாளரின் அனுமதியோடு அவருடைய மாடிக்குச் சென்று பார்த்தோம். செடியின் தண்டு அடியில் மெலியவில்லை, அழுகலும் இல்லை. பையைத் தூக்கியபோதுதான் விளங்கியது: பையின் துளைகள் வழவழப்பான மாடித்தரையோடு ஒட்டி அடைபட்டு, உள்ளே நீர் நிரம்பி, வேர்கள் மூச்சடைத்துப் பழுப்பாகியிருந்தன. அவரிடமே நடாமல் வைத்திருந்த அதே தட்டின் நாற்றுகளை, இரண்டு செங்கல்மேல் தூக்கிவைத்த பையில், பக்கவாட்டிலும் துளையிட்டு நட்டுக் கொடுத்தோம். அவை அந்த மழைக்காலம் முழுதும் தாக்குப்பிடித்தன.

இரண்டு இழப்புகளும் ஒன்றல்ல என்று இதனால் தெளிவாயிற்று. ஆனால் இரண்டுக்கும் வேர், வடியாத நீரே. முதல் தொகுதியை விற்பதைத் தொடரலாம், ஆனால் பையை உயர்த்தி வைக்கும் முறையைச் சொல்லாமல் ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது என்பது முடிவு. இரண்டாம் தொகுதியில் நலமாய்த் தெரிந்த தட்டுகளைக்கூட மூன்று வாரத்துக்கு விற்பதில்லை என்றும் வகுத்தோம். குடியிருப்போர் சங்கத்தாருக்கு உரிமையாளர் நேரில் சென்று நிலைமையைச் சொல்லி, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர்களில் சிலர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் மார்கழிவரை காத்திருக்கச் சம்மதித்தார்கள்.

நவம்பர் மாதம்

நவம்பர் 6ஆம் நாள் இரவு தொடங்கி 7ஆம் நாள் காலைவரை சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பெய்தது, 2015க்குப் பிறகு அந்நகரம் கண்ட மிகக் கனத்த மழைகளுள் ஒன்று. நர்சரிக்குள் கணுக்கால் அளவு நீர் நின்றது. கம்புகளின்மேல் இருந்த தட்டுகளை நீர் எட்டவில்லை. ஆனால் சவுக்குக் கம்பு போதாமல் ஒரே ஒரு வரிசை தரையிலேயே விடப்பட்டிருந்தது. திட்டமிடாமல் அமைந்த இந்த வரிசை நல்லதோர் ஒப்பீடாக அமைந்தது. அதற்கும் அதே தாமிர மருந்து ஊற்றப்பட்டிருந்தது, அதே கூரை, அதே கை தண்ணீர் விட்டது. தூக்கிவைத்த வரிசைகளில் ஒரு வாரத்துக்குள் புதிய சாய்வு நின்றுபோயிற்று. தரை வரிசையில் தொடர்ந்து விழுந்து, வெள்ளத்துக்குப் பின் அது முழுவதும் கழிக்கப்பட்டது. மருந்து சிறிதும் உதவவில்லை என்று இதிலிருந்து சொல்ல இயலாது. மருந்து மட்டும் போதவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

நவம்பர் 11 அன்று மாலை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னை அருகே கரையைக் கடந்தபோது, பாலித்தீன் கூரையின் ஒரு பகுதி கிழிந்து பறந்தது. கயிற்றைச் சட்டத்தில் கட்டியிருந்தார்களே தவிர, தாளின் குறுக்கே மேலிருந்து இறுக்கும் கயிறு போடப்படவில்லை. இழப்பு சிறிது, பழுது அடுத்த நாளே நீக்கப்பட்டது.

செண்டுமல்லியின் நிலை வேறு. அக்டோபர் முதல் வாரத்தில் விதைத்தவற்றில் பாதிக்கு மேல் போய்விட்டது. மறுபடி விதைத்தால் பூ ஜனவரி இறுதிக்கே வரும். பொங்கலுக்குப்பின் அதைக் கேட்பார் குறைவு. ஆகவே மறுவிதைப்பைக் கைவிட்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெரிய நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து வயதுவந்த நாற்றுகளை வரவழைத்தார் உரிமையாளர். வெளியிலிருந்து வந்த அவற்றைப் பந்தலுக்குள் விடாமல், கடையின் முன்புறத் தாழ்வாரத்தில் தனியே சில நாட்கள் வைத்துப் பார்த்தபின்பே தொட்டிகளுக்கு மாற்றினர். லாபம் சுருங்கியது என்றாலும் பொங்கலுக்குப் பூவோடு கூடிய தொட்டிகள் கடையில் இருந்தன.

மாதத்தின் பிற்பகுதியில் எதிர்பாராத சோதனையாக வந்தது தக்காளி விலை. தொடர்மழையில் பயிர்கள் அழிந்து வரத்து குறைந்ததால் சென்னையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. உடனே நர்சரிக்குத் தக்காளி நாற்று கேட்டு வருவோர் திரண்டனர். இன்று நடும் நாற்று பழம் தர இரண்டு மாதத்துக்கு மேலாகும், அதற்குள் விலை இறங்கிவிடும் என்பதை யார் சொல்லியும் கேட்கும் மனநிலையில் வாங்குவோர் இல்லை. நிறுத்திவைத்திருந்த இரண்டாம் தொகுதியை விற்றுவிடலாமா என்று விற்பனைப் பெண் கேட்டார். மூன்று வாரம் முடிந்திருந்தது. புதிய சாய்வு இல்லை. நாற்றுகளும் வெளிச்சம் கிடைத்தபின் திடமாயிருந்தன. ஆகவே தக்காளி விற்கப்பட்டது. மிளகாய் அப்போதும் சிறியதாயிருந்ததால் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தக் கூட்டத்தைக் கண்டு புதிதாக விதைக்க வேண்டும் என்ற ஆசையை உரிமையாளர் அடக்கிக்கொண்டது, என் பார்வையில், அந்தப் பருவத்தின் மிகச் சரியான முடிவு. நவம்பர் முழுதும் மழை ஓயவில்லை. அந்த மாதத்தில் மட்டும் சென்னையில் 1000 மில்லிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று.

மூன்றாம் தொகுதி டிசம்பர் முதல் வாரத்தில், கார்த்திகையின் பிற்பகுதியில், புதிய நார்க்கழிவில், கழுவிய தட்டுகளில் விதைக்கப்பட்டது. அதற்குள் தொட்டியைக் கழுவி மூடி போட்டிருந்தனர்; நாற்றுக்குக் கிணற்று நீர் நேரடியாகவே விடப்பட்டது. இந்தத் தொகுதியில் அழுகல் இல்லை என்றே சொல்லும் அளவுக்குக் குறைவு. எனினும் வானிலை, நார்க்கழிவு, தட்டு, நீர் என எல்லாமே ஒருங்கே மாறியதால் இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கு ஜனவரி முதல் வாரத்தில் தக்காளியும் கத்தரியும் சென்றன.

மாற்ற வேண்டியவை

முதலாவதாக மாற வேண்டியது விதைப்பு நாட்காட்டி. வடகடலோர மாவட்டங்களில் கூரையில்லாத நாற்றங்காலுக்குத் தக்காளி, மிளகாய் விதைப்பை ஆடியிலும், பின்னர் கார்த்திகை நடுவுக்குப் பின்னும் வைத்துக்கொள்வதே பொருந்தும். இடைப்பட்ட மழை மாதங்களில் இத்தகைய நர்சரி விற்க வேண்டியவை, நிலத்தில் நடுவதற்கான எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை, அரளி, செம்பருத்தி போன்ற கன்றுகள். முதல் மழையில் மண் நனைந்திருக்கும்போது நட்டால் அவை வேர்பிடிக்க வசதி மிகுதி. இந்த நர்சரியின் மாமனார் காலத்து வியாபாரம் அந்தப் பருவத்துக்கு இயல்பாகவே பொருந்தியிருந்ததை உரிமையாளரே ஒருநாள் சுட்டிக்காட்டினார். செண்டுமல்லி மட்டும் விதிவிலக்கு. பொங்கலுக்கு அது வேண்டுமென்றால் அக்டோபரில் விதைத்தே ஆக வேண்டும். அதற்கு உயர்த்திய தாங்கியும் கூரையும் செப்டம்பரிலேயே தயாராக இருக்க வேண்டும்.

விற்பனைப் பதிவில் தொகுதி குறிக்கப்படாததும் ஒரு பெருங்குறை. எந்தத் தட்டின் நாற்று யாருக்குப் போயிற்று என்று தெரியாததால், பையை உயர்த்தி வைக்கச் சொல்லி முன்கூட்டி வாங்கியவர்களை அழைக்க முடியவில்லை. இப்போது ஒவ்வொரு தட்டிலும் விதைத்த நாளும் தொகுதி எண்ணும் எழுதிய குச்சி செருகப்படுகிறது. அதே எண் ரசீதிலும் ஏறுகிறது. 98 குழித்தட்டில் நாற்றுகள் நெருக்கமாக இருப்பதே நோய்க்குக் காரணம், மிளகாய்க்காவது 50 குழித்தட்டுக்கு மாற வேண்டும் என்பது தொழிலாளரின் கருத்து. காற்றோட்டம் கூடும் என்பது சரியே. ஆனால் பெரிய குழியில் சிறு நாற்று நிற்கும்போது நார்க்கழிவு உலர நாளாகும் என்பதால் நான் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. அடுத்த பருவத்தில் இரண்டிலும் சில தட்டுகள் போட்டுப் பார்ப்பது என்று விட்டிருக்கிறோம்.

2022ஆம் ஆண்டுக் கூதிரில் தாங்கிகளும் கூரையும் புரட்டாசியிலேயே அமைக்கப்பட்டன. செண்டுமல்லியும் சிறு அளவில் கத்தரியும் மட்டும் அக்டோபரில் விதைக்கப்பட்டு நல்ல நிலையில் விற்பனைக்கு வந்தன. டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடக்கும் என்று அறிவிக்கப்பட்டபோது, சென்ற ஆண்டு கிழிந்த கூரையை நினைவில் வைத்துத் தாளை முன்னதாகவே கழற்றிச் சுருட்டி, நவம்பர் கடைசி வாரத்தில் விதைத்திருந்த தட்டுகளை எல்லாம் உரச் சாமான் அறைக்குள் அடுக்கிவிட்டார்கள். புயல் கடந்தபின்னும் மின்சாரம் இல்லாமல், ஆட்கள் வராமல், தட்டுகள் இருட்டிலேயே சில நாட்கள் இருந்துவிட்டதால் நாற்றுகள் நீண்டு வெளுத்துப்போயின. தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன பகுதியிலும் வேர்விடும் என்பதால், வித்திலைவரை ஆழமாக நட வேண்டும் என்ற குறிப்போடு அவற்றைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். மிளகாய்க்கு அந்த முறை அவ்வாறு கைகொடுக்காது என்பதால், அந்தத் தட்டுகளைக் கழித்துவிட்டு மார்கழியில் மறுபடி விதைத்தார்கள்.